பத்திரம் சொல்லாததைப் பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வார்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் ஆட்டையாம்பட்டியைக் கடப்போர், முறுக்குக் கடைகளையும் தறிச் சத்தத்தையும் அடுத்து இன்று காண்பது மனை விற்பனைப் பலகைகளையே. வெளியூரில் வேலை பார்ப்போரும், ஓய்வு பெற்றோரும், அயல்நாடு சென்றோரும் நம் பக்கத்தில் நிலம் வாங்குகின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் வாங்கும் முறையில் ஒரு விந்தை உண்டு. முதலில் பத்திரம், அடுத்து கம்பிவேலி, ஊரைத் தெரிந்துகொள்வது அதற்கும் பிறகுதான். இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் கருத்து. பணம் கொடுத்துப் பதிவும் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும்கூட, வேலிக்கல் ஏற்றிய லாரியோடு போய் இறங்குவதற்கு முன், ஒரு நாள் வெறுங்கையோடு சென்று ஊராரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரவேண்டும்.

"என் பணம், என் நிலம், நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்று சிலர் வினவலாம். பத்திரம் பொய் சொல்கிறது என்று நான் கூறவில்லை. அது பல இடங்களில் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் பாதிதான் சொல்கிறது. நம் வட்டாரப் பத்திரங்களில் "மாமூல் வண்டித்தட பாத்தியம்" என்றொரு தொடர் வரும். அந்தத் தடம் எங்கே தொடங்குகிறது, எந்த வேப்பமரத்தருகே திரும்புகிறது, எத்தனை அடி அகலம், கரும்பு வண்டி போகுமா, ஆடு மட்டுந்தான் போகுமா என்பதெல்லாம் அதில் இராது. புலப்படத்திலும் பெரும்பாலும் இராது. ஆனால் அந்தத் தடத்தில் நாள்தோறும் நடப்பவருக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். வந்தவர் அறியாமல் அதன் குறுக்கே கல் நட்டுவிட்டால், மறுநாள் காலையில் பால் கொண்டுபோகிறவருக்கு வழியில்லை. இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய வழிக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அதை நிலைநாட்ட அவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆண்டுகள் பல ஆகும். இருவர் பணமும் கரையும்.

கிணற்றுச் செய்தி இதைவிடச் சிக்கலானது. நம் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம், தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம். வெளியூரார்க்கு இந்த வேறுபாடே புதிது. தோட்டத்துக் கிணறு பல சமயம் கூட்டுக் கிணறாக இருக்கும். "கிணற்றில் 4ல் 1 பங்கு" என்று பத்திரம் எழுதிவிட்டு நின்றுவிடும். அந்தக் கால் பங்கு எந்தக் கிழமையில் வருகிறது, முறை பகலா இரவா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, மோட்டார் பழுதானால் செலவு எப்படிப் பிரியும், தூர் எடுக்கும்போது யார் யார் ஆள் அனுப்புவார்கள் என்பவை அண்ணன் தம்பிகளுக்குள் வாய்மொழியாக நடந்து வருபவை. பங்காளிகளில் ஒருவர் தம் பாகத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனதும் புதியவர் வருகிறார். வந்ததும் வராததுமாக மோட்டாரைப் போடுகிறார். அன்று மற்றொருவர் முறையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கிராமத்திலிருந்து வரும் மாணவ நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இந்த விசாரிப்பை வாங்குபவரிடம் எதிர்பார்க்கிறது. சொத்து மாற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி ஒரு விளக்கம் சேர்ந்தது. நிலத்தில் ஒருவர் நேரடி அனுபவத்தில் இருப்பாரானால், அவருக்கு உள்ள உரிமையை வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார் என்பது அதன் பொருள். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே செல்லாது. குத்தகைக்கு உழுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதவாறு 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் நிற்கிறது. வரப்பில் ஒரு நாள் நின்று, "இங்கே யார் விதைக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

முன்பு இத்தகைய செய்திகளை ஊர்க் கணக்குப்பிள்ளை தலையிலேயே வைத்திருந்தார். அந்தப் பரம்பரைப் பதவிகளை 1980ல் அரசு ஒழித்தது. பரம்பரை ஆதிக்கம் போனது நன்றே. அதற்காக நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. இடமாறுதலுக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர் ஏடுகளைக் காட்டலாம். ஏடு எழுதப்படாத செய்திகளை அவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. பட்டாவையும் புலப்படத்தையும் இன்று இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. அதனால் நிலத்தையே பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வோர் பெருகிவிட்டனர். 1990களில் தேக்கு வளர்ப்புத் திட்டங்களின் துண்டறிக்கைகளை நம்பிப் பணம் கட்டியவர்கள், 1998ல் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் வீழ்ந்தபோது பட்ட பாட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஊரார்க்கு மட்டுமே தெரிந்த இன்னொன்று காலம். மழைக்குப் பின் வந்து பார்த்தவர்க்கு எல்லா நிலமும் பசுமையே. கிழங்கு அரவை இல்லாத மாதத்தில் வந்தவர்க்கு ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர் நாற்றம் தெரியாது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரின் ஊடே வரும் திருமணிமுத்தாறு, நகரச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டுதான் தெற்கே இறங்குகிறது. ஆற்றோரக் கிணற்றில் நீர் தளும்புவதைக் கண்டு மகிழ்கிறவர், அது குடிக்க ஆகுமா, அதில் எது விளையும், எது கருகும் என்பதை அங்கே களை எடுக்கும் பெண்களைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் விடை கிடைக்கும்.

பஞ்சமி நிலமும் இவ்வகையே. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு வழங்கிய அந்த நிலங்களைப் பிறர்க்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. எத்தனை கை மாறினாலும் அந்தக் கறை போகாது. "அந்தக் காடு யாருக்குக் கொடுத்தது?" என்னும் கேள்விக்குச் சேரியின் முதியவரிடம் விடை இருக்கும். ஆனால் நிலம் வாங்க வருவோர் அந்தத் தெருவுக்குள் நுழைவதே இல்லை. இது வெறும் முன்னெச்சரிக்கை பற்றிய செய்தி அன்று. பறிபோன ஒருவருடைய நிலத்தின் மேல் நாம் வீடு கட்டுகிறோமா என்ற கேள்வி.

யாரைக் கேட்பது? தரகரை அல்லர், அவருக்கு விற்றால்தான் கூலி. நான்கு எல்லையிலும் உள்ள காட்டுக்காரர்கள், ஆடு மேய்ப்பவர், தலையாரி, தேநீர்க் கடைக்காரர் ஆகியோரைத் தனித்தனியே கேட்க வேண்டும். ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய பகையும் சேர்ந்தே வரும். ஊரார் எல்லாரும் அரிச்சந்திரர் என்று நான் சொல்லமாட்டேன். பொதுத்தடத்தை உழுது தம் காட்டோடு சேர்த்துக்கொண்டவர், தடமே இருந்ததில்லை என்றுதான் சொல்வார். ஆயினும் "ஏனுங்க, அந்தக் காட்டை வாங்கினது நீங்கதானுங்களா?" என்று அவர்கள் முதலில் கேட்கும்படி விடுவதைவிட, நாமே போய், "நான்தான் வாங்கியிருக்கிறேன், பழக்கவழக்கம் சொல்லுங்கள்" என்று கேட்பது நல்ல தொடக்கம். கேட்டவற்றைப் புலப்படத்தோடு ஒப்பிட்டு, அளவைக்கு மனுக் கொடுக்கலாம். நில அளவர் வரும் நாளைப் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு நேரில் சொல்லி, கல் நடும் இடத்தில் அவர்களையும் நிற்கச் செய்து, தடத்தின் அகலத்தை அவர்கள் முன்னிலையிலேயே நாடா பிடித்துப் பார்த்துவிட்டால், வேலிக்கல் லாரி அன்று மாலையே வரலாம்.