பாதியில் திரும்பிய பாதை



வங்கிப் பணியில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் அடியேன். அன்றன்றைய கணக்கை அன்றே நேர் செய்யாமல் வீடு திரும்பியதில்லை. ஆயினும் பணி ஓய்வுக்குப் பிறகு, ஒரு கணக்கை மட்டும் இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன். அதை இவ்வாரம் சொல்லிவிடுகிறேன்.

2018ஆம் ஆண்டு வைகாசியில், நேபாளம் வழியாகத் திருக்கயிலாய யாத்திரை சென்றேன். கயிலை 6,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. அதன் உச்சியை மிதிப்பது முறையன்று. அடியார்கள் மலையை வலம் வருவார்கள். வலப்பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. இரண்டாம் நாள் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டர் உயரத்தில் பனி மூடிக் கிடக்கும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் கடலூர்க் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

முதல் நாள் மாலை திராபுக் என்னும் தங்குமிடத்தை அடைந்தோம். கயிலையின் வடமுகத்தைக் கண்ணாரக் கண்டேன். அன்றிரவே தலைவலியும் வாந்தியும் தொடங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. உடன் வந்த மருத்துவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இனி ஓரடியும் மேலே ஏறக் கூடாது. கீழே இறங்குவதுதான் இதற்கு மருந்து" என்றார். கெஞ்சினேன்; அவர் இசையவில்லை. விடியலில் மற்றவர்கள் கைவிளக்குகளுடன் மேலே ஏறினார்கள். நான் ஒரு துணையாளுடன் வந்த வழியே இறங்கினேன்.

ஊர் திரும்பியதும் தெருவார் மாலையுடன் வந்தார்கள். "வலம் நல்லபடியாக முடிந்ததா?" என்று கேட்டார்கள். "எல்லாம் அவனருள்" என்றேன். சொன்னதில் பொய்யில்லை; ஆனால் மெய்யை மறைக்கவே அதைச் சொன்னேன் என்பதை என் நெஞ்சு அறியும்.

ஆடி மாதத்தில், மானசரோவர் தீர்த்தத்துடன் சிதம்பரத்தில் இருக்கும் என் தமக்கையாரைக் காணச் சென்றேன். தாயை இழந்த என்னை வளர்த்து ஆளாக்கியவர், எண்பதைக் கடந்தவர். என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்தபடி மெல்லக் குனிந்தார். "என்ன அக்கா இது?" என்று பதறினேன்.

"கயிலாயத்தைச் சுற்றி வந்த கால் தம்பி. வயது பார்க்கக் கூடாது" என்றார்.

அந்தக் கை என் காலைத் தொடுமுன் பின்வாங்கினேன். "சுற்றவில்லை அக்கா. பாதியில் திரும்பிவிட்டேன்" என்று அழுதேன்.

அக்கா நிமிர்ந்து சற்று நேரம் என்னையே பார்த்தார். "அப்பர் சுவாமிகளே பாதியில்தானே திரும்பினார்? திரும்பினதில் என்ன குற்றம்? மறைத்ததுதான் குற்றம்" என்றார்.

கடலூர்க்காரனாகிய எனக்கு அது நினைவுக்கு வராமற்போனது வெட்கமே. திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் தமக்கையார் திலகவதியாரால் சைவத்துக்கு மீண்டு, கல்லோடு கடலில் தள்ளப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர் நம் நாவுக்கரசர். முதுமையில் கயிலைக்குப் புறப்பட்ட அவர், கால் தேய்ந்தபின் கையால் ஊன்றிச் சென்றார், கையும் தேய, மார்பால் உந்தினார், பின்பு உருண்டார். இறைவன் ஒரு முனிவராக எதிர்ப்பட்டு, "மானிடரால் ஆகாது, திரும்பும்" என்றார். அப்பர் மறுத்தார். ஆயினும் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு அருளிய வாக்குக்குப் பணிந்தார். ஐயாற்றில் எழுந்தவர் கண்டது பனிமலையை அன்று. நிற்பனவும் நடப்பனவுமாகிய உயிர்களெல்லாம் சத்தியும் சிவமுமாய் விளங்கக் கண்டார். அதுவே அவருக்குக் கயிலைக் காட்சி என்கிறார் சேக்கிழார். ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் இன்றும் அவ்விழா நடைபெறுகிறது.

அன்று மாலை அக்காவை நடராசர் சந்நிதிக்கு அழைத்துச் சென்றேன். அவர் முழங்கால் வலியோடு என் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். நான்கடிக்கு ஒருமுறை நின்றோம். வெளிப்பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வழியில் சிவகங்கைத் தீர்த்தக் கரையில் அமர்ந்து, மானசரோவர் எப்படி இருந்தது என்று குழந்தைபோல் கேட்டார். ஒன்றையும் கூட்டாமல் சொன்னேன். டோல்மா கணவாயைப் பற்றிக் கேட்டபோது, "பார்க்கவில்லை அக்கா" என்றேன். சொல்வதற்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

கடலூர் திரும்பியபின், மாலையிட்டவர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று உண்மையைக் கூறினேன். ஒருவரும் என்னைத் தாழ்வாக எண்ணவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "எனக்கும் போக ஆசை. மருத்துவர் வேண்டாம் என்கிறார். இப்போது மனம் ஆறியது" என்றார்.

இதைப் படிக்கும் அன்பர்களிலும் அத்தகையோர் இருக்கக் கூடும். "வேண்டாம், திரும்பு" என்று மருத்துவர் சொன்னால் மனம் நோக வேண்டாம். அப்பரிடம் அப்படிச் சொன்னவனும் கயிலை நாதனே.

சிவாயநம.