ஆந்தை அடிபட்டு வந்தால்...

போன இதழில் மின்சார மீட்டர் பெட்டியில் கூடு கட்டும் சிட்டுக்குருவியைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி குருவியைப் பற்றியே இல்லை, ஆந்தையைப் பற்றி! மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "மாட்டுக்கொட்டகைப் பரணில் வெள்ளையாக இரண்டு குஞ்சுகள். கிட்டப் போனால் பாம்பு மாதிரி சீறுகின்றன. மாமியார் விரட்டு என்கிறார். பையன் வளர்க்கணும் என்று அழுகிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம், சகோதரி. பரணுக்குப் போகிற ஏணியை எடுத்து வேறு பக்கம் சாத்தி வையுங்கள். அது போதும்.

உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது கூகை. வளர்ந்ததும் முகம் வெற்றிலை வடிவத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கும். குஞ்சில் பார்க்கச் சகிக்காது. 2017-ல் விசாகப்பட்டினத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் இந்தக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்று செல்போனில் படம் பிடித்துப் பரப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இரண்டு மாதத்தில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். அதுவரை தாயும் தகப்பனும் ராத்திரி முழுக்க எலி பிடித்து வந்து ஊட்டும். நம் காவிரி டெல்டாவில் நெல் வயலில் 'டி' எழுத்து மாதிரி குச்சி நட்டு வைக்கிறார்களே, அது எதற்கு? ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்றுதான். அந்த எலிக்காரனே கூலி கேட்காமல் உங்கள் கொட்டகையில் குடியிருக்கிறான். விரட்டுவானேன்?

மாமியாருக்கு என்ன பதில் சொல்வது? சாக்குருவி கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று என் மாமியாரும் சொன்னவர்தான். அவரிடம் எதிர்த்துப் பேசினால் காரியம் நடக்காது. நான் இப்படிச் சொன்னேன்: "அத்தை, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியலைன்னா விடிய விடிய விளக்கு எரியுமா இல்லையா? விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சியைத் தின்ன சின்ன ஆந்தை வரும். அது கத்தினதாலயா ஆளு போச்சு?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். வங்காளத்தில் மகாலட்சுமிக்கே ஆந்தைதான் வாகனம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி பையனுக்கு. ஹாரி பாட்டர் படம் பார்த்த பிள்ளைகள் எல்லாம் ஆந்தை கேட்கிறார்கள். நம் நாட்டில் எந்த ஆந்தையையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். ஜெயில் வரைக்கும் போகும். அடிபட்ட பறவை நம் கைக்கு வந்தால்கூட 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

சட்டம் இருக்கட்டும், அதன் உடம்புக்கும் நம் வீடு ஒத்துவராது. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த எலும்பிலிருந்துதான் அதற்குச் சுண்ணாம்புச் சத்து. நாம் கறிக்கடையில் வாங்கின வெறும் சதையைப் போட்டு வளர்த்தால் குஞ்சின் எலும்பு வளைந்து போகும். கம்பிக் கூண்டில் அடைத்தால் சிறகு ஒடியும். ஒரே வழவழப்பான கம்பில் நாள் முழுக்க உட்கார வைத்தால் பாதத்தில் புண் வந்து சீழ் பிடிக்கும். பறக்கவே முடியாமல் போன ஆந்தையை வைத்துக் காப்பாற்றுகிற உயிரியல் பூங்காக்களில், பறந்து திரும்ப இடம், கயிறு சுற்றின விதவிதமான கம்புகள், குளிக்கத் தட்டு, முழு இரை, ஆள் நடமாட்டம் இல்லாத மறைவு எல்லாம் செய்து தருகிறார்கள். நம் திண்ணையில் இது ஆகுமா? இன்னொன்று: மனுஷர் கையிலேயே வளர்ந்த குஞ்சு தன்னையும் மனுஷர் என்றே நினைத்துக்கொள்ளும். அப்புறம் அதை எங்கே கொண்டு விடுவது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதம். எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்து ஒரு மகளைப் படிக்க வைக்கிற பெண் ஒருத்தி. கீரைப் பாத்திக்கு நைலான் வலை கட்டியிருந்தாள். விடியற்காலை அதில் ஒரு கூகை சிக்கி இறக்கை அறுந்து தொங்கியது. எனக்குத் தெரியும் முன்னாலேயே வேறொரு ஆளுக்குத் தெரிந்துவிட்டது. தீபாவளி அமாவாசைக்குப் பூஜை செய்ய வேண்டும், பத்தாயிரம் தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றான். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, தானா வந்து மாட்டினது. நான் புடிக்கலை. பொழைக்கவும் போறதில்லை. கொடுத்தா என்னக்கா தப்பு?"

சட்டென்று பதில் வரவில்லை எனக்கு. அவள் கஷ்டம் எனக்குத் தெரியும். "பொழைக்காதுன்னு நீயா முடிவு பண்ணாதே. டாக்டர் சொல்லட்டும். அவன் அதை என்ன பண்ணுவான்னு உனக்கே தெரியும். நாளைக்குப் போலீஸ் வந்தா அவன் பேரா வரும், உன் பேரா வரும்? பீஸ் விஷயம் சாயந்திரம் குழுவில் பேசுவோம்" என்றேன். அவள் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், கத்தரிக்கோலையும் பழைய துண்டையும் எடுத்து வந்தாள். வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்தது அவளேதான். பீஸ் பணம் மகளிர் குழுவில் கடனாகக் கிடைத்தது. அதை ஒரு வருஷம் கட்டினாள். லேசாக இல்லை.

தீபாவளி சமயத்தில் இந்த வியாபாரம் நடப்பது வெறும் பேச்சு இல்லை. 2010-ல் டிராஃபிக் இந்தியா என்ற அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், நம் நாட்டு ஆந்தை வகை முப்பதில் பதினைந்து வகை பிடித்து விற்கப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள். மாந்திரீகம்தான் பெரிய காரணம். அதனால் அடிபட்ட ஆந்தை கிடைத்தால் தெருவெல்லாம் சொல்லாதீர்கள். படம் எடுத்து அனுப்பவும் வேண்டாம்.

அன்று நாங்கள் செய்ததையும், கால்நடை டாக்டர் சொல்லிக் கொடுத்ததையும் வரிசையாக எழுதுகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நாயையும் குழந்தைகளையும் உள்ளே அனுப்புங்கள். ஆந்தைக்கு அலகைவிட நகம்தான் ஆயுதம். தடித்த துண்டைத் தலையோடு மூடிப் போட்டு, இறக்கையை உடம்போடு சேர்த்து, கால்களைத் துண்டோடு பிடித்துத் தூக்குங்கள். மார்பை அழுத்தக் கூடாது, மூச்சு முட்டும்.

2. வலையோ நூலோ சிக்கியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றிலும் வெட்டி, பறவையோடு ஒட்டியிருப்பதை அப்படியே விடுங்கள். டாக்டர் எடுப்பார்.

3. மூடியுள்ள அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து வையுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. டி.வி. சத்தம், மிக்ஸி சத்தம் கேட்காத அறை நல்லது. உடம்பு சில்லிட்டிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஓர் ஓரத்தில் வையுங்கள்.

4. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுத் துளை நாக்கின் அடியிலேயே இருக்கிறது. தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பால், ரொட்டி, சாதம் எதுவும் ஆகாது. வளர்ந்த ஆந்தை ஒரு ராத்திரி சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

5. மஞ்சள் பற்றுப் போடாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். நமக்குக் கை அங்கேதான் போகும். ஆனால் சிறகில் எண்ணெய் பட்டால் பறக்கவே முடியாது. குச்சி வைத்துக் கட்டுகிற வைத்தியமும் வேண்டாம்.

6. பூனை கவ்வின பறவை வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பூனையின் எச்சில் உள்ளே போய் ரத்தத்தைக் கெடுக்கும்.

7. வனத்துறைக்கோ, அரசு கால்நடை மருத்துவமனைக்கோ உடனே தெரிவியுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

கண்ணாடி ஜன்னலில் மோதி மயங்கின ஆந்தை பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்துவிடுவதும் உண்டு. அப்போதும் வனத்துறையைக் கேட்டுக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் விடுங்கள். பகலில் விட்டால் காக்கைகள் கூட்டமாக வந்து கொத்தும். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று வள்ளுவரே காலமறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார் இல்லையா?

கீழே விழுந்த குஞ்சு எல்லாம் அனாதை இல்லை. புள்ளி ஆந்தைக் குஞ்சு சரியாகப் பறக்கத் தெரியும் முன்னே பொந்தை விட்டு வெளியே வரும். காயம் இல்லையென்றால் பொந்திலேயே திருப்பி வையுங்கள். எட்டாவிட்டால் அடியில் ஓட்டை உள்ள ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, அதே மரத்தில் உயரமாகக் கட்டி அதில் விடுங்கள். மனுஷர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. இருட்டினதும் குரல் கேட்டு வரும். தூர இருந்து பாருங்கள். மறுநாள் காலை வரை வராவிட்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

எலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை; தள்ளாடித் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அதுதான் சுலபமான இரை. அந்த விஷம் ஆந்தைக்கும் ஏறும், குஞ்சுக்கும் போகும். மன்னார்குடிச் சகோதரி, பரணில் கூகை இருக்கிறவரை கொட்டகையில் எலி மருந்து வைக்காதீர்கள். எலிப்பொறி போதும்.

எங்கள் தெருக் கூகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இறக்கையில் எலும்பு தப்பியிருந்தது. தசை மட்டும்தான் அறுந்திருந்தது. தையல் போட்டு மூன்று வாரம் வைத்திருந்து, ஒரு சாயங்காலம் வயல் ஓரத்தில் விட்டார்கள். வனக்காவலர் முதலில் போன் பண்ணிச் சொன்னது அந்தப் பெண்ணுக்குத்தான். பெட்டியைத் திறந்ததும் தாழப் பறந்து ஒரு பனைமரத்துக்குப் போனதாம். சத்தமே கேட்கவில்லையாம். இப்போது அவள் கீரைப் பாத்தியில் நைலான் வலைக்குப் பதில் மூங்கில் படல் கட்டியிருக்கிறாள்.

உங்கள் வனச்சரக அலுவலகத்தின் போன் நம்பரை இன்றே விசாரித்துச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பால்காரர், கேஸ்காரர் நம்பருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த இதழில், கிணற்றில் ஆமை விடலாமா என்று கேட்ட சகோதரிக்குப் பதில்.