மாப்பிள்ளையின் வில்லும் நம்மூர் சுருக்குக் கம்பியும்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சினில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், போன நவம்பரில் தனியாகக் காட்டுக்குப் போய் வில்லால் ஒரு வெள்ளைவால் மானை அடித்திருக்கிறான். கொம்பைப் பிடித்தபடி ஒரு படம் போட்டு, கீழே "வல்வில் ஓரியின் வாரிசு" என்று எழுதியிருந்தான். அதை விட்டுவிடலாம். அதற்குக் கீழே நத்தம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதியதைத்தான் என்னால் விட முடியவில்லை. "அண்ணே, ஊருக்கு வாங்க, கரந்தமலையில ஒரு நாள் போடுவோம்", "நாய் ரெடி, நெத்தி லைட் ரெடி" என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள்.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். "எப்படிடா அடிச்சே, முதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

"மாமா, முதல்ல வகுப்புக்குப் போகணும். பரீட்சை இருக்கு. அப்புறம் காசு கட்டி லைசென்ஸ். எத்தனை மான்னு அரசாங்கம் சொல்லுதோ அத்தனைதான். இருட்டோட போய் மரத்துல கட்டின தட்டுல உட்காரணும். நாலு நாள் வெறுங்கையோடதான் இறங்கி வந்தேன். ரெண்டு சின்னக் கிடா கிட்டவே வந்துச்சு. விட்டுட்டேன். அஞ்சாவது நாள் பெருசு ஒண்ணு வந்துச்சு. அடிச்சப்புறமும் உடனே பின்னால ஓடக் கூடாது. காத்திருந்துதான் ரத்தச் சுவடு பார்த்துப் போனேன். மான் கிடைச்சா மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள அரசாங்கத்துல பதியணும்."

அவன் வேட்டையை நான் மெச்சவில்லை. ஆனால் அவன் சொன்னதில் பாதிக்கு மேல் அடிக்காமல் இருந்த கதைதான். நம் பிள்ளைகள் அந்தப் படத்தில் கொம்பை மட்டும் பார்த்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடு அவர்களுக்கும் சும்மா வரவில்லை. 1900 வாக்கில் கண்டபடி சுட்டு விற்றதில், அமெரிக்காவில் அந்த மான் சில லட்சமாகச் சுருங்கிப்போனது. பிறகுதான் சட்டம் வந்தது. 1937இல் துப்பாக்கி, தோட்டா வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே ஒதுக்கினார்கள். பிற்பாடு வில், அம்புக்கும் அந்த வரி வந்தது. இன்று சுமார் 3 கோடி மான்கள் இருக்கின்றன. பல இடங்களில் ஓநாயை அவர்களே அழித்துவிட்டதால், பெருகும் மானைக் குறைக்க மனிதனையே அனுப்புகிறார்கள்.

"சரி சார், அதே மாதிரி நாமும் செய்தால் என்ன?" என்று கேட்பீர்கள். பதில் மானின் உடம்பிலேயே இருக்கிறது. கடுங்குளிர் நாட்டில் வெள்ளைவால் மான் இணைசேர்வது பெரும்பாலும் நவம்பரில்தான். அந்த வேகத்தில் ஆண் மான் பயம் மறந்து அலையும். வில்லோடு மரத்தில் இருப்பவன் அதற்காகத்தான் காத்திருப்பான். மே, ஜூனில் பிறந்த குட்டிகள் அதற்குள் பால் மறந்து தானே மேயும். நம் புள்ளிமானுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. வருஷம் முழுக்க இணைசேரும், வருஷம் முழுக்கக் குட்டி போடும். எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பிணைமான் சினையாக இருக்கும், அல்லது புதருக்குள் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு மேய வந்திருக்கும். குற்றமில்லாத மாதம் என்று ஒன்று நம் காட்டில் இல்லை.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1970 வாக்கில், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, பெரியவர்களோடு மலையடிவாரத்துக்கு வேட்டைக்குப் போனேன். நாய் விரட்டி, வலையில் ஒரு பிணைமான் விழுந்தது. வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளே குட்டி. முதுகில் புள்ளி வரிசை வரிசையாக விழுந்துவிட்டிருந்தது. யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "அதைப் புதைச்சிருங்கப்பா" என்றார். புதைத்தார்கள். பிறகு கறியைக் கூறு போட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கூறு வந்தது. நானும் சாப்பிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் புள்ளிகள் எனக்கு மறக்கவில்லை.

அன்று எங்களுக்குச் சட்டம் தெரியாது. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். கொன்றால்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். கண்ணி வைத்தாலும், விரட்டினாலும், முயன்றாலும் சட்டத்தில் அது வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை உள்ளே. அதோடு அரசு வேலைக் கனவும் வெளிநாட்டுக் கனவும் போச்சு.

"பாரம்பரியம் சார்" என்று வருவீர்கள். ஓரியைப் பிடித்துக்கொண்டீர்களே, பக்கத்துப் பழனி மலையை ஆண்ட பேகனை ஏன் விட்டுவிட்டீர்கள்? மயிலுக்குப் போர்வை கொடுத்தவனும் நம் பாட்டன்தானே? விஜயதசமிக்குச் சாமி குதிரை ஏறி அம்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்பு வாழை மரத்தில்தான் பாய்கிறது. வேட்டையை விளையாட்டாக மாற்றிக்கொள்ளும் புத்தி நம் முன்னோருக்கு இருந்திருக்கிறது. வீரம் காட்ட வேண்டுமா? மாசித் திருவிழாவில் நத்தம் மாரியம்மன் கோயில் கழுமரம் இருக்கிறது, ஏறிக் காட்டுங்கள். சுருக்குக் கம்பியைக் கட்டிவிட்டு வீட்டில் போய்த் தூங்குகிறவனுக்கு என்ன வீரம்? கம்பிக்குப் பிணை எது, குட்டி எது என்று தெரியுமா?

"காட்டுமாடும் பன்றியும் தோட்டத்தை அழிக்குதே" என்பது நியாயமான வருத்தம். என் சொந்தக்காரர்கள் மாந்தோப்பிலும் இதே பாடுதான். அதற்கு இழப்பீடு கேட்டு மனு கொடுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம், நானும் வருகிறேன். ஆனால் ராத்திரி நெற்றி லைட்டோடு மலை ஏறுகிறவன் யார் தோட்டத்தையும் காக்கப் போகவில்லை. கறிக்குப் போகிறான், இப்போது படத்துக்கும் போகிறான்.

2022இல் அறிவித்த கடவூர் தேவாங்கு சரணாலயத்தில் நம் நத்தம் தாலுகாவும் சேர்ந்திருக்கிறது. உள்ளங்கை அகலத் தேவாங்குக்குச் சரணாலயம் கிடைத்த ஊரில், மானுக்குக் கண்ணி வைக்கிறோம் என்று பெருமையாக எழுதுவது வெட்கக்கேடு.

மாப்பிள்ளையிடம் அந்த ஓரி வரியை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டான். அந்த மூன்று பேரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீங்களே எழுதியதை நீக்கிவிட்டு எனக்கு போன் போடுங்கள். காட்டில் கம்பி கட்டியிருந்தால் நாளைக்கே அவிழ்த்து வாருங்கள். வகுப்பில் அடித்ததற்கு என்னை மன்னித்த பிள்ளைகள் நீங்கள். இதற்கும் மன்னிப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாப்பு வாத்தியார்
நத்தம்