அம்மாவுக்கு எத்தனை புள்ளி?

எங்களில் பலர் ஓ.எல். எடுக்க முதலே வீட்டுத்திட்டப் படிவம் நிரப்பப் பழகிவிட்டோம். அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டு இடம்பெயர்ந்தது, எந்த ஆண்டு திரும்பி வந்தது, இப்ப இருக்கிறது கொட்டிலா கல்வீடா, காணிக்கு உறுதியா பெர்மிட்டா.

பிறகு, கணவர் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு கேள்வி. அந்த இடத்தில் பேனையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்த பிள்ளைகள் எங்களுக்குள் இருக்கிறார்கள். 'இறந்துவிட்டார்' என்று எழுதினால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். 'இருக்கிறார்' என்று எழுதினால் பெண் தலைமைக் குடும்பத்துக்கான புள்ளி போய்விடும். 2009க்குப் பிறகு தேடிக்கொண்டே இருக்கிற ஒரு மனுசிக்கு இந்த இரண்டில் எதை எழுதுவது?

படிவம் கொடுத்தாச்சு. பிறகு என்ன நடந்தது? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான்: "பேர் வரேல்லை." ஏன் வரேல்லை, எத்தனை புள்ளி, எத்தனை புள்ளி வேணும், அடுத்தமுறை வருமா, ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்த திட்டம் வந்தபோது திரும்ப அதே படிவம், அதே போட்டோக்கொப்பி, அதே கேள்வி.

இதை எல்லாரும் 'காத்திருப்புப் பட்டியல்' என்று சொல்லினம். நாங்கள் அதை ஏற்றுக்கொள்ள மாட்டோம். கூப்பன் கடையில்கூட வரிசை என்றால் முன்னுக்கு நின்றவர் முன்னுக்குப் போவார். இன்றைக்குச் சாமான் முடிந்தால் நாளைக்கு அவரிலிருந்து தொடங்கும். வீட்டுத்திட்டத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு புதுப் பட்டியல். பத்து வருசம் தகரத்துக்குக் கீழே இருந்ததற்கு எந்தப் புள்ளியும் இல்லை. எங்களிடம் இருப்பது வரிசையே அல்ல, திரும்பத் திரும்ப எழுத வைக்கிற, பெறுபேறு முழுசாக வெளிவராத ஒரு பரீட்சை.

புள்ளி முறை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். போருக்குப் பிறகு வந்ததில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். அதில் வடக்கு கிழக்குக்கு 46,000. 2012இல் தொடங்கிய கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை முன்னேற முன்னேற நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. சனம் தாங்களே மேசன் பிடித்து, தாங்களே மண் சுமந்து கட்டினார்கள். அந்த வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் எங்கட ஊர்களில் பயனாளிகளைத் தெரிவு செய்தபோது நடந்ததையும் சொல்லத்தான் வேணும். குடும்பத்தில் ஆள் கூடினால் புள்ளி கூடும். அப்ப, பிள்ளைகளைச் செல்லுக்குக் கொடுத்துவிட்டுத் தனிய வந்த தாய் தகப்பன்? "நீங்கள் ரெண்டு பேர்தானே ஐயா, அடுத்தமுறை பாப்பம்." பிள்ளைகள் செத்ததால் புள்ளி குறைந்தது. புதுசாகக் கலியாணம் கட்டிய சோடிக்கும் அதே பதில். அவர்கள் ஒரு பிள்ளை பெற்று, இன்னொரு பிள்ளை பெற்று, புள்ளிக்குத் தகுதியாகிற நேரம் திட்டம் முடிந்துவிட்டது.

இந்த ஒழுங்கு சனத்தை என்ன செய்தது என்பதுதான் எங்களுக்குக் கூடக் கவலை. புள்ளியைக் காட்டாத இடத்தில் பெட்டிசம் பிறக்கும். "அவளுக்கு வெளிநாட்டுக் காசு வருது", "அவையின்ர மகன் கட்டாரில்", "அவள் புருசனோட ஒழுங்காத்தானே இருக்கிறாள்". பக்கத்து வளவுக்காரி எழுதின பெட்டிசத்தால் பேர் வெட்டுப்பட்டு, இன்றைக்கும் முகம் பார்க்காத குடும்பங்கள் உண்டு. கணக்கைக் காட்டாதவர்களை விட்டுவிட்டு, சனம் தங்களுக்குள்ளே கணக்குப் பார்த்தது. இதற்கு ஜீ.எஸ்.ஸை மட்டும் திட்டிப் பயனில்லை. மேலேயிருந்து ஐம்பது வீடு தந்து முந்நூறு குடும்பத்தில் தெரிவு செய் என்றால் அவரும் என்ன செய்வார்? முந்நூறு பேரும் அவரைத்தான் ஏசுவார்கள்.

இவ்வளவும் படிவம் எடுக்க முடிந்தவர்களின் கதை. படிவமே எடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இங்கே வீட்டுத்திட்டம் என்றால் காணி உள்ளவருக்கு வீடு கட்டக் காசு. காணி இல்லாதவர் பட்டியலின் கடைசியில்கூட இல்லை, அவர் பட்டியலுக்கு வெளியே. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து முகாம்களில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு, இராணுவம் காணியை விட்டாலும் திரும்பிப்போக ஒரு துண்டு நிலமில்லை. இடம்பெயர முதலே அவர்கள் மற்றவர்களின் காணியில் குடியிருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தச் சாதியினர் என்று எங்கட ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொல்லுவதில்லை. காணியை முன்நிபந்தனையாக வைத்தால், தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்டவர்களைத் திரும்பவும் ஒருக்கால் தள்ளி வைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலையும் இதுதான். ரவுணில் ஒரு அறையும் குசினியும் எடுத்து, மாதம் முடிய முதலே வாடகைக்கு ஓடுகிற குடும்பத்தை எந்தக் கணக்கெடுப்பும் வீடற்றவர் என்று எழுதுவதில்லை. தலைக்கு மேலே ஒரு கூரை இருக்குத்தானே! நாங்கள் நிரப்பிய எந்தப் படிவத்திலும் வாடகை உதவி என்று ஒரு கட்டம் இருந்ததில்லை.

சரி, பேர் வந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? 2018, 2019 காலத்தில் அரசாங்கம் தொடங்கிய திட்டங்களை நினைத்துப் பாருங்கள். இருந்த கொட்டிலைப் பிரிக்கச் சொன்னார்கள். அத்திவாரம் போட்டால் முதல் தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது என்றார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, தவணை நின்றது. கடனுக்குச் சீமெந்து எடுத்தவர்கள், தாலியை அடகு வைத்தவர்கள், நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டியவர்கள், கூரையில்லாத சுவருக்குப் பக்கத்தில் திரும்பவும் தகரம் அடித்தார்கள். பிறகு வந்த விலையேற்றத்தில் அந்தப் பழைய மதிப்பீட்டுக்கு ஒரு வீட்டின் பாதிகூட எழும்பாது. அதற்கு முதல் 65,000 பொருத்து வீடு என்று ஒன்று வந்தது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 இலட்சம். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று சனமும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். கடைசியில் அந்தத் திட்டமும் இல்லை, வீடும் இல்லை.

"தாறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கோவன். சும்மா தாற காசுக்குக் கேள்வி வேறயோ?" இந்தக் கதையை எங்கட மாமாமாரிடமும் கேட்டிருக்கிறோம், மேடையிலும் கேட்டிருக்கிறோம். சும்மா தருவதாக நாங்கள் நினைக்கவில்லை. 1978 அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தை எல்லாக் குடிமக்களுக்கும் உறுதிப்படுத்துவதை அரசின் குறிக்கோளாகச் சொல்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, இதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது என்று அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. வீடு பெறும் உரிமையை ஏற்கும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. சாமான்யமாகச் சொன்னால், தருவதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். தராவிட்டால் கேட்க முடியாதபடியும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் கல்வெட்டில் அமைச்சரின் பெயரும், சனத்தின் வாயில் "அவர் தந்த வீடு" என்ற சொல்லும் வருகிறது.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. விண்ணப்பித்த எல்லாருக்கும் பதிவிலக்கமும், தனக்கு எதற்கு எத்தனை புள்ளி என்ற துண்டும் கையில் கிடைக்க வேணும். பதிவிலக்கம், மொத்தப் புள்ளி, வெட்டுப்புள்ளி ஆகியவற்றை ஜீ.எஸ். ஒபிஸ் சுவரில் ஒட்ட வேணும். பேரைப் போடத் தேவையில்லை. ஒரு பெண்ணின் கணவர் கதையை ஊர் முழுக்க வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. மேன்முறையீட்டுக்கு எழுத்தில் பதில் வேணும். ஒரு திட்டத்தில் விடுபட்டவர் அடுத்த திட்டத்தில் அதே இடத்திலிருந்து தொடங்க வேணும். காத்திருந்த ஆண்டுகளுக்குப் புள்ளி வேணும். காணியற்றவரும் வாடகைக்காரரும் அதே பட்டியலில் வரவேணும், காணியோடு சேர்த்து.

இதில் ஒன்றை இப்பவே தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேலே ஆணைக்குழு. எங்கட பிரிவில் கடைசித் திட்டத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், வெட்டுப்புள்ளி என்ன, புள்ளித் திட்டம் எது, எங்கட அம்மாவின் புள்ளி எத்தனை என்று நாலு கேள்வி, ஒரு தாள்.

அம்மாவுக்காகப் படிவம் நிரப்பத் தெரிந்த எங்களுக்கு இதை நிரப்பத் தெரியாதா? ஒரு ஆள் போனால் "தம்பி, பிறகு வாங்கோ" என்பார்கள். ஒரு பிரிவில் இருபது பேர் ஒரே நாளில் அதே தாளோடு போய், பிரதி ஒன்றில் திகதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.