வைத்தியம் பூனைக்கு, பத்தியம் நமக்கு

பெரியாறு சூழ்ந்த ஏலூரில் மீனுக்குப் பஞ்சமில்லை. எனவே பூனைக்கும் பஞ்சமில்லை; பூனை வைத்தியர்களுக்கும்தான். எங்கள் வீட்டுக் கடுவன் ஒருநாள் காலை மூலையில் குந்தி முக்கத் தொடங்கியது. எதுவும் வரவில்லை. மலச்சிக்கல் என்று வீடே தீர்மானித்தது. எதிர்வீட்டுச் சேச்சி விளக்கெண்ணெய் என்றார். ஊரிலிருந்து வந்திருந்த சித்தி, கொல்லையில் ஒரு பிடி குப்பைமேனி பறித்துவந்து சாறு பிழியத் தயாரானார்.

குப்பைமேனிக்கும் பூனைக்கும் பழைய உறவு. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை முகர்ந்து, புரண்டு, கிறங்கிப்போகும். தமிழில் பூனைவணங்கி, மலையாளத்தில் பூச்சமயக்கி. கொச்சியிலிருந்து மலபாரை நிர்வகித்த டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலிலும் இந்தச் செடி உண்டு. ஆனால் பூனைக்குப் பிடித்ததெல்லாம் பூனைக்கு மருந்தாகிவிடாது. நம் பாட்டிமார்கள் இந்த இலைச்சாற்றைக் கொடுத்தது, சளி கட்டிய குழந்தைக்கு வாந்தி வரவழைக்க.

நல்லவேளை, சாறு இறங்குவதற்குள் கடுவனைக் கூடையில் போட்டு மருத்துவரிடம் ஓடினோம். அவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குடலில் கோளாறில்லை. மூத்திரப்பை கல்லாக இறுகியிருந்தது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறாம்.

வயிற்றுக் கோளாறேதான் என்றால் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம். பாலை நிறுத்துங்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. எலும்பும் தோலும் நீக்கிய கோழியையோ முள் எடுத்த மீனையோ உப்பு, காரமின்றி வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மலம் இறுகினால் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். எப்போதாவது உரோமத்தைக் கக்கிவிட்டு வழக்கம்போல் விளையாடினால் கவலை வேண்டாம். அடிக்கடி சீவிவிட்டால் போதும்.

செய்யக்கூடாததுதான் அதிகம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். குழம்புச் சோறு ஆகாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே கொன்றுவிடும். பூச்சரத்து நூலை விழுங்கி, நுனி வெளியே தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் அத்துடன் முடிந்தது. குட்டியானால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் கடுவன் வீடு திரும்பியது. சித்தி மறுபடியும் கொல்லைக்குப் போய் ஒரு குப்பைமேனியை வேரோடு பிடுங்கிவந்து அதன்முன் போட்டார். இந்த முறை மருந்தாக அல்ல. வேரில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அது புரள்வதை, எதிர்வீட்டுச் சேச்சியும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.