மறுக்கக் கற்ற நிரல்

ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில், மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புவது தவறாத கடமை. முன்னாளில் அதற்கு மணியார்டரே வழியாக இருந்தது. இங்கே தபால் நிலையத்தில் பணம் கட்டிவிட்டால், அங்கே தபால்காரர் வீடு தேடிச் சென்று, பெறுகிறவர் இன்னார்தாம் என்று அறிந்த பின்னரே எண்ணிக் கொடுப்பார். எழுத்தறியாத பாட்டி கைநாட்டு வைத்தால், பக்கத்தில் சாட்சி ஒருவர் ஒப்பமிடவேண்டும். இன்று அதே பணம் கைப்பேசியினின்று நொடிப்பொழுதில் சென்றுவிடுகிறது. அந்தத் தபால்காரரின் வேலையை இப்பொழுது செய்பவர் யார்? அவர் அதைச் சரிவரச் செய்கிறாரா என்று சோதிப்பது எப்படி? நம் இல்லத்து இளைஞர்களுள் பலர் நிரல் எழுதும் தொழிலில் இருப்பதால், இம்மாதம் இக்கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

இரு கணினிகள் பேசிக்கொள்ளும் இணைப்பின் முனையைச் 'சாக்கெட்' என்பர். அதன் வழியே செல்லும் செய்தியை இடையிலிருப்போர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யும் முறைக்கு 'டி.எல்.எஸ்.' என்று பெயர். அதற்கு முன்னோடியான முறையின் 'எஸ்.எஸ்.எல்.' என்னும் பெயரே பலர் வாயில் இன்றும் நிற்கிறது. மறையாக்கம் என்றதும் பாதுகாப்பு முழுவதும் வந்துவிட்டதாக எண்ணுவோர் உண்டு. அது பாதிதான். உறைக்கு அரக்கு முத்திரை வைத்து, அவ்வுறையைக் கள்வன் கையிலேயே கொடுத்தால் முத்திரையால் பயன் என்ன? மறுமுனையில் இருப்பது நம் வங்கியே என்று உறுதி செய்வதற்காக ஏற்பட்டதுதான் சான்றிதழ்.

சான்றிதழில் தளத்தின் பெயரும், அதன் பொதுத் திறவுகோலும், செல்லுபடியாகும் காலமும், அளித்த நிறுவனத்தின் கையொப்பமும் இருக்கும். அதனைப் பெறும் நிரல் சிலவற்றை ஆராயவேண்டும். கையொப்பங்களின் வரிசை, நம் கணினி முன்னரே நம்பிக்கை வைத்துள்ள மூலச் சான்றிதழ் ஒன்றில் சென்று முடிகிறதா? இடையில் ஒப்பமிட்டவர் அவ்வுரிமை பெற்றவர்தாமா? காலம் கடந்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழில் உள்ள பெயரும் நாம் நாடிய பெயரும் ஒன்றுதானா? இத்தனையையும் ஒவ்வொரு நிரலரும் தாமே எழுதுவதில்லை. ஆயத்தமாக எழுதிவைத்த நிரலகத்தை, தொழிலில் 'லைப்ரரி' என்று வழங்குவதை, எடுத்துக் கையாளுகின்றனர். ஆகவே நிரலகம் பிழைத்தால் அதனை நம்பிய ஆயிரம் நிரல்களும் பிழைத்துவிடும்.

2012-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு, ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்து, 'உலகிலேயே மிக ஆபத்தான நிரல்' என்ற தலைப்பில் கட்டுரை வெளியிட்டனர். தலைப்பைப் பார்த்து மிகை என்று நினைக்கவேண்டா. இணைய உலாவிகள் சான்றிதழைச் செவ்வனே ஆராயும்போது, உலாவி அல்லாத மென்பொருள்கள் பல ஆராயாமலே ஏற்றதை அவர்கள் கண்டனர். கடைகள் பணம் பெறுவதற்குப் பயன்படுத்தும் நிரல்களும் அவற்றுள் இருந்தன. அவர்கள் எடுத்துக்காட்டியவற்றுள் 'கர்ல்' என்னும் நிரலகத்தின் கதை சுவையானது. அதில் பெயரை ஒப்பிடும் ஏற்பாட்டுக்கு 2 என்று மதிப்புக் கொடுக்கவேண்டும். 1 என்றால், பெயர் என்று ஒன்று இருந்தால் போதும், யார் பெயராயினும் சரி என்று பொருள். நிரலர்களோ, 'ஆம், ஒப்பிடு' என்னும் கருத்தில் 'ட்ரூ' என்று எழுதினர். கணினிக்கு அது 1. காவலனை நிறுத்தியதாக அவர்கள் நம்பினர்; காவலன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவ்வாண்டின் இறுதியிலேயே 1 என்ற மதிப்பை ஏற்க மறுக்குமாறு கர்ல் திருத்தப்பட்டது.

பைத்தான் மொழியின் நிலையும் அந்நாளில் வியப்புக்குரியதே. அதனோடு சேர்ந்தே வரும் நிரலகத்தைக் கொண்டு ஒரு தளத்தை அடைந்தால், மறையாக்கம் நடக்கும். சான்றிதழை ஆராய்வதோ, நிரலர் தனியே கேட்டாலன்றி நடவாது. 2014 டிசம்பரில் வெளியான 2.7.9-ஆம் பதிப்பிலும், 2015 பிப்ரவரியில் வெளியான 3.4.3-ஆம் பதிப்பிலுமே ஆராய்வது இயல்பான வழக்கமாக்கப்பட்டது. முன்பு ஓடிய நிரல்கள் நின்றுவிடுமே என்ற தயக்கம் இல்லாமல் இல்லை. நின்றவற்றுள் சில நிற்கவேண்டியவையே.

இத்தகைய பிழைகள் இத்தனை ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது எவ்வாறு? சோதனை செய்யாமல் இல்லை, செய்தனர். ஆனால் தளத்தோடு இணைப்புக் கிடைக்கிறதா, பக்கம் வருகிறதா என்றே சோதித்தனர். எல்லோரையும் உள்ளே விடும் காவலனும் அச்சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்குவான். நுழையத் தகாதவனை அனுப்பிப் பார்த்தாலன்றோ காவலனின் தரம் தெரியும்? 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பிழையை நினைவுகூர்க. நிரலில் ஒரே வரி இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி, செர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கட்டத்தையே தாண்டிக் குதிக்கச் செய்தது. தவறான கையொப்பம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும்.

சரியான சோதனை எப்படி நடக்கிறது என்று காண்போம். சோதிப்பவர் தம் கணினிக்குள்ளேயே சிறிய செர்வர் ஒன்றை ஓட்டுகிறார். சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றையும் தாமே பொய்யாகப் படைத்துக்கொள்கிறார். பின்னர் காலாவதியானது, பெயர் மாறியது, தனக்குத் தானே ஒப்பமிட்டுக்கொண்டது என்று கெட்ட சான்றிதழ்களை உண்டாக்கி, அவற்றை ஒவ்வொன்றாகச் செர்வரிடம் கொடுத்து நிரலகத்தை இணையச் சொல்கிறார். இணைப்பு முறிந்தால் சோதனை வெற்றி, இணைந்துவிட்டால் தோல்வி.

இதில் ஒரு பொறி உண்டு. காலாவதியான சான்றிதழை நிரலகம் மறுத்துவிட்டது என்று மகிழ்கிறோம். ஆனால் அச்சான்றிதழில் ஒப்பமிட்டவரையும் நிரலகம் அறியாதிருந்தால், மறுப்பு எதனால் வந்தது? நாளைப் பார்க்கும் வழக்கமே அந்நிரலகத்துக்கு இல்லாமலிருக்கலாம். ஒப்பமிட்டவரை அறியாததால் மட்டும் மறுத்திருக்கலாம். ஆகவே முதலில் எல்லா வகையிலும் நல்ல சான்றிதழைக் கொடுத்து, ஏற்கிறது என்று காணவேண்டும். பின்பு அதிலேயே நாளை மட்டும் மாற்றி, மறுக்கிறது என்று காணவேண்டும். மறுப்புச் செய்தியில் கூறப்படும் காரணத்தையும் படிக்கவேண்டும். அனுபவம் மிக்க நிரலர்களும் இவ்விடத்தில் அவசரப்படுகின்றனர் என்பது என் கருத்து.

கள்வர்களின் நுட்பம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. 2009-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்பவர் ஒரு தந்திரத்தை எடுத்துக்காட்டினார். வங்கித் தளத்தின் பெயர், அடுத்து 'நல்' என்னும் கண்ணுக்குத் தெரியாத சுழி எழுத்து, அதன்பின் கள்வனின் சொந்தத் தளப் பெயர். இவ்வாறு ஒரே பெயராகக் கோத்துச் சான்றிதழ் கேட்பது. அளிக்கும் நிறுவனம் பெயரின் முடிவைப் பார்த்து, கேட்பவனுக்கு உரியதே என்று கொடுத்துவிடும். சி மொழியில் எழுதிய நிரலோ சுழியைக் கண்டவுடன் சொல் முடிந்ததென்று நின்று, வங்கியின் பெயரை மட்டும் படிக்கும். இதே இனத்துப் பிழை ஒன்று 2013-இல் பைத்தானிலும் அகப்பட்டது. அதற்கென்றே ஒரு கெட்ட சான்றிதழைப் பைத்தானின் சோதனைக் கோப்புகளோடு சேர்த்துவைத்தனர். பழைய பிழை மீண்டும் நுழைந்தால் பிடித்துக்கொடுக்கும் அடையாளச் சுவடி அது.

மனிதர் நினைத்துப் பாராத கேடுகளை எப்படிச் சோதிப்பது? 2014-இல் ஆராய்ச்சியாளர் சிலர் உண்மைச் சான்றிதழ்களைத் துண்டு துண்டாக்கி, மாற்றி ஒட்டி, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட விசித்திரச் சான்றிதழ்களைப் படைத்தனர். கதையில் வரும் பிராங்கன்ஸ்டைனை நினைத்து அவற்றுக்கு 'பிராங்கன்சர்ட்' என்று பெயரும் வைத்தனர். இவற்றுள் எது நல்லது, எது கெட்டது என்று யார் சொல்வது? சொல்லத் தேவையில்லை. ஒரே சான்றிதழை ஒரு நிரலகம் ஏற்று, மற்றொன்று மறுத்தால், இரண்டில் ஒன்று தவறு என்பது வெளிப்படை. இவ்வாறு 208 முரண்பாடுகள் வெளிவந்தன. சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் இவ்வுத்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இத்தனை சோதனையும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை விண்டோஸ் நம்பியதால், அதனைச் சார்ந்த நிரல்கள் அவற்றையும் ஏற்கும் நிலையில் இருந்தன. தனக்கெனத் தனிப்பட்டியல் வைத்திருந்த பயர்பாக்ஸ் உலாவியின் பட்டியலில் அம்மூலம் இல்லை. கட்டுப்பாட்டாளர் மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். ஒப்பம் உண்மை, நாள் சரி, பெயரும் சரி; நிரலகம் மறுப்பதற்குக் காரணமே இல்லை. அளிக்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பதிவேட்டில் பதியவேண்டும் என்று 2018-இலிருந்து குரோம் உலாவி வற்புறுத்துவது இத்தகைய அனுபவங்களின் விளைவே.

நிரல் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு சொல். அலுவலகத்தின் சோதனைச் செர்வரில் சான்றிதழ் சரியில்லை என்று, 'வெரிஃபை' என்பதற்கு 'ஃபால்ஸ்' என்று எழுதி வேலையை முடிப்பது எளிது. அந்த வரி அப்படியே உண்மையான சேவைக்குள் போய்விடுவதும் எளிது. செர்வரின் மூலச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும்; அதுவே முறை. மற்றையோர் 'பேட் எஸ்.எஸ்.எல்.' என்னும் தளத்தை நாடலாம். காலாவதியானது, பெயர் மாறியது முதலிய கெட்ட சான்றிதழ்களை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார்கள். தம் கைப்பேசி உலாவி அவற்றை எவ்வாறு மறுக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பொதுச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சுக்குள் 47 நாட்களாக்குவதென 2025-இல் முடிவு செய்துள்ளனர். புதுப்பிக்க மறந்த சான்றிதழ்களும், அவற்றைக் கண்டு சரிபார்ப்பையே நிறுத்திவிடும் ஆசையும் அதனால் பெருகுமோ என்பதை அடுத்த இதழில் ஆராய்வோம்.