வெற்றுப் பட்டியல் வெற்றிக்குச் சான்றன்று

பிழை செய்வதினும் பெரும்பிழை, பிழையே இல்லையென்று நம்பி வாளாவிருப்பது. மென்பொருள் ஆக்கத்துறையில் இந்நம்பிக்கையை நாள்தோறும் வளர்த்து வரும் கருவி ஒன்று உண்டு. அது தீய கருவியன்று, மிகப் பயனுடையதே. ஆயினும், கேட்கத் தெரியாதவர் கையில் அது பொய்ச்சான்று கூறும்.

முன்னாளில் நிரல் எழுதியவர், அதனைத் தாமே தொகுத்துத் தாமே இயக்கிப் பார்த்தனர். 1976-இல் பெல் ஆய்வகத்தில் உருவான 'மேக்' என்னும் கருவி அத் தொகுப்புப் பணியை ஓர் ஒழுங்கிற்குக் கொணர்ந்தது. 2005-இல் கொசுக்கே கவாகுச்சி என்னும் சப்பானியர் வெளியிட்ட 'அட்சன்', பின்னர் 2011-இல் 'செங்கின்சு' எனப் பெயர் மாறி உலகெங்கும் பரவியது. 2019-இல் கிட்அப் நிறுவனத்தின் 'ஆக்சன்சு' பொதுப்பயனுக்கு வந்தது. இன்று நிரலில் ஒரு வரி மாறினும், தொலைவிலுள்ள பொறி தானே அதனை எடுத்துத் தொகுத்து, ஆய்ந்து, பொதிந்து, பயனர்க்கு வழங்கும் வரை கொண்டு செல்கின்றது. இத்தொடர்பணி ஒருமுறை நிகழ்வதே 'ஓட்டம்' எனப்படும். பெரிய ஆக்கங்களில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் நிகழ்தலும் உண்டு.

அவற்றை வரிசைப்படுத்திக் காட்டவும், வேண்டுவனவற்றை மட்டும் வடித்தெடுக்கவும் கிட்அப்பின் கட்டளைக் கருவியில் 2021-இல் ஓட்டப்பட்டியல் கட்டளை சேர்க்கப்பட்டது. கிளை, நாள், தூண்டிய நிகழ்வு, தொடங்கி வைத்தவர், நிலை என எதனைக் கொண்டும் வடிக்கலாம். இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஓர் ஓட்டத்திற்கு நிலை வேறு, விளைவு வேறு. காத்திருக்கிறது, நடக்கிறது, முடிந்தது என்பன நிலைகள். வென்றது, தோற்றது, கைவிடப்பட்டது, காலங்கடந்தது, தொடங்கவே இயலாது போயிற்று என்பன விளைவுகள். கருவியோ இவ்விரண்டையும் ஒரே வடிகட்டியில் கலந்து வைத்துள்ளது. 'முடிந்தவை' எனக் கேட்பவர்க்கு வென்றவற்றோடு தோற்றவையும் வந்து சேரும். தேர்வு எழுதி முடித்தவரெல்லாம் தேறியவரல்லர் அன்றோ!

இதனினும் ஏதம் மிக்கது மற்றொன்று. 'தோற்றவை' எனக் கேட்டால் தோற்றவை மட்டுமே வரும். காலங்கடந்து நின்றதும், தொடங்கவே இயலாததும், இடையிற் கைவிடப்பட்டதும் அப்பட்டியலில் இடம்பெறா. ஆய்வே நடவாமல் நின்றுபோன நிரலுக்கு வெற்றுப் பட்டியல் கிடைக்கும். கேட்டவர் 'தோல்வி ஒன்றுமில்லை' என்று மகிழ்ந்து மென்பொருளை வெளியிடுவார். அம்மென்பொருள் மருத்துவமனையிலோ வைப்பகத்திலோ இயங்குவதாயின், அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பவர் பிறராவர்.

கேட்காத போதும் கருவி தானே ஒரு வேலியிடுகின்றது. எண்ணிக்கை குறிக்காவிடின் அண்மைய 20 ஓட்டங்களையே அது காட்டும். இருபத்தோராவது ஓட்டத்தில் ஒளிந்திருக்கும் தோல்வி, கேட்டால்தான் வெளிப்படும். தோற்ற ஓட்டத்தை மீண்டும் இயக்கி அது வென்றுவிட்டால், புதுவரி தோன்றுவதில்லை. பழைய வரியே வெற்றி என மாறிவிடும். அஃது எத்தனையாவது முயற்சி என்பதும் தனியே கேட்டாலன்றித் தெரியாது. மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறியதும், முதன்முறையே தேறியதும் ஒன்றுபோலவே தோன்றும். நாள் கடத்தவும் இயலாது. வேறு ஏற்பாடு செய்யாவிடின் ஓட்டங்களின் உட்குறிப்புகள் 90 நாளில் அழிந்துபடும்.

ஆளைக் கொண்டு வடிப்பதோ நயன்மைக்கே ஊறு விளைப்பது. அவ்வடிகட்டி காட்டுவது ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவரை. பிழைக்குக் கரணியமானவரை அன்று. குறித்த பொழுதில் தானே தொடங்கும் ஓட்டங்கள், அப்பொழுதுக் குறிப்பை இறுதியாகத் திருத்தியவர் பெயரிலேயே பதிவாகின்றன. பிறர் நிரலால் நள்ளிரவில் நேர்ந்த தோல்வி, வீட்டில் உறங்கிக் கிடந்தவர் பெயரில் நிற்கும். அப்பட்டியலை எண்ணிப் பார்த்துத் தொழிலாளியின் திறனை அளக்கப் புகும் மேலாளர், அளவுகோலென்று எண்ணி வேறெதனையோ கையிலேந்தியவராவார்.

அவ்வாறாயின் கருவியைத் தள்ளிவிடுவதா? அன்று. முறத்தில் புடைக்கும் பெண்மணி, முறத்தில் நிற்கும் மணியை மட்டும் பார்ப்பதில்லை. கீழே சிந்தியதையும் ஒருமுறை பார்க்கிறாள். அப்பார்வையே இங்கும் வேண்டுவது. முதலில் வடிக்காத பட்டியலைக் காண்க. எண்ணிக்கையை வேண்டுமளவு உயர்த்துக. நிலை, விளைவு, முயற்சி எண் மூன்றையும் ஒருங்கே கேட்டுப் பெறுக. அவற்றைத் தரும் வழி கருவியிலேயே உள்ளது. 'தோற்றவை எவை' என்று கேளாமல், 'வென்றவை நீங்கலாக எஞ்சியவை எவை' என்று காண்க. இவ்வொரு மாற்றமே ஒளிந்து நின்ற பிழைகள் பலவற்றை வெளிக்கொணரும்.

கருவி கேட்டதற்கு மட்டுமே விடை கூறும். கேளாததற்கு அது காக்கும் அமைதியை நற்செய்தி எனக் கொள்பவர், கருவியால் ஏமாற்றப்பட்டவரல்லர். தம்மைத் தாமே ஏமாற்றிக் கொண்டவர்.